இல்லை என்று சொல்லத் தெரியாத வீடு
அத்தியாயம் ஒன்பது: வாசலில் வந்து நின்ற லாரி

இரும்புலியூரில் ஸ்ரீரங்கன் வீட்டுக்கு வழி கேட்டால், "வேதா மேடம் இங்கிலீஷ் கிளாஸா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். வீட்டைக் கட்டியவர் ஸ்ரீரங்கனின் அப்பா. வரி கட்டுகிறவர் ஸ்ரீரங்கன். பெயர் மட்டும் எப்படியோ ஸ்ரீரங்கனின் மனைவி வேதா பக்கம் போய்விட்டது. கடை யாருடையதாக இருந்தாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற முகம்தானே வாடிக்கைக்காரன் மனதில் நிற்கும்.

அந்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருகிறேன் என்றுதான் பில்டர் ஆபேல் வந்து போய்க்கொண்டிருந்தார். மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் காபி குடித்தார். கடைசித் தரம் அளவு நாடாவை விரித்து, மாமரத்திலிருந்து கிணற்றடி வரைக்கும் அளந்துகொண்டும் போனார். ஒவ்வொரு தரமும் ஸ்ரீரங்கனும், மேடவாக்கத்திலிருந்து வந்திருந்த தம்பி பத்ரியும் சொன்ன பதில் ஒன்றுதான்.

"பார்க்கலாம்."

இதில்தான் வில்லங்கம். அந்தக் குடும்பத்தில் 'இல்லை' என்ற சொல்லுக்குப் புழக்கம் கிடையாது. ஜவுளிக்கடையில் வேட்டிக்குத் தரம் இருப்பதுபோல அங்கே மறுப்புக்குத் தரம் உண்டு. 'பார்க்கலாம்' என்றால் வேண்டாம். 'ஆத்துல கலந்துண்டு சொல்றோம்' என்றால் கண்டிப்பாக வேண்டாம். திருநீர்மலை இருக்கும் திசையில் கைகூப்பி, 'பெருமாள் என்ன நெனச்சிண்டிருக்காரோ' என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்கக் கூடாது. பத்ரிக்குப் பெண் தேடிய காலத்தில் ஒரு ஜாதகத்தை இப்படித்தான் 'பார்த்துண்டிருக்கோம், பார்த்துண்டிருக்கோம்' என்று ஓட்டினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா கடைசியில் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வேறு மாப்பிள்ளை. "இன்னும் பார்த்துண்டுதான் இருக்கேளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆபேலுக்கு இந்தத் தரப் பட்டியல் தெரியாது. அவர் தாம்பரம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர். மூன்று தரம் கடைக்கு வந்து, மூன்று தரமும் சரக்கைத் தொட்டுப் பார்த்து, ஒரு தரமும் வேண்டாம் என்று சொல்லாதவன் அடுத்த தரம் பையோடு வருவான் என்பது அவர் கண்ட கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு சொல்லவும் முடியாது.

சனிக்கிழமை காலை. வேதா ஹாலில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கனின் கைப்பேசி அடித்தது. உள்ளே இருந்து அவர் குரல் கேட்டது.

"சொல்லுங்கோ ஆபேல் சார்... இன்னிக்கா?... வாங்கோ வாங்கோ... அதுக்கென்ன, பார்க்கலாம்."

வேதா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, இன்னிக்கு எதுக்கு வராராம்?"

"ஏதோ மண்ணைப் பார்க்கணுங்கறார்."

"நமக்கு இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதா?"

ஸ்ரீரங்கன் கிண்டியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அடுத்த வருஷம் ஓய்வு. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் விண்ணப்பங்களை மேலதிகாரிக்கு நகர்த்தியே பழகியவர்.

"பத்ரி சொல்லுவான். அவன் பெரிய கம்பெனில இருக்கான். இதெல்லாம் நாசூக்கா சொல்ல அவனுக்குத்தான் தெரியும்."

வேதா பத்ரிக்குப் போன் போட்டாள். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"அண்ணா இருக்கறச்சே நான் என்ன சொல்றது மன்னி? அண்ணா எடுக்கற முடிவுதான். நானும் சின்மயியும் வந்துண்டேதான் இருக்கோம்."

வேதா போனை வைத்தாள். அவளுக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அண்ணன் தம்பிக்கு விட்டிருக்கிறார். தம்பி அண்ணனுக்கு விட்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் இஷ்டமில்லை, இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். இப்படி மரியாதையிலேயே வீடு போய்விடும் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

வீடு போனால் போகட்டும், வேறு வீடு வரும். ஹால் போனால்? வாசலை ஒட்டிய இந்த நீள ஹால்தான் அவளுடைய வகுப்பு. இங்கே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிப் பழகியவர்கள் இன்று விமான நிலையத்திலும் கால் சென்டரிலும் துபாய் ஆஸ்பத்திரியிலும் சம்பளம் வாங்குகிறார்கள். மாமனார் போனபோது சொத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. முன்பக்கம் தம்பிக்கு, பின்பக்கம் அண்ணனுக்கு என்று வாய்வார்த்தையாகச் சொல்லி முடித்தார்கள். பத்ரி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. "மன்னி கிளாஸ் நடத்திக்கட்டும்" என்று போய்விட்டான். அதற்கு மேல் ஹாலைப் பற்றி யாரும் யோசிக்கவுமில்லை.

வகுப்பு ஆரம்பித்தது. அன்றைய பாடம் தற்செயலாக அமைந்ததா, வேதாதான் மனதில் இருந்ததைப் பலகையில் எழுதினாளா என்பது தெரியாது. நான்கு வினைச்சொற்கள்: ரெஃப்யூஸ், டிக்லைன், ரிஜெக்ட், டினை.

"நாலுக்கும் தமிழ்ல நாம 'மறுத்தார்'னு ஒரே வார்த்தையைப் போட்டுட்டுப் போயிடுவோம். ஆனா நாலும் நாலு ரகம். ஸ்டேஷன்ல ஆட்டோக்காரர் முடிச்சூர் வரமாட்டேங்கறார். என்ன பண்றார்?"

"பேஜார் பண்றார் மேடம்" என்றான் தனசிங். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை அவனுக்கு. வெளிநாட்டுக்காரர்கள் வந்து நின்றால் மானேஜரைத் தேடி ஓடுகிற பழக்கத்தை விடுவதற்காக வகுப்பில் சேர்ந்திருந்தான்.

"ரெஃப்யூஸ் பண்றார். கேட்டதைச் செய்ய மாட்டேன், முடிஞ்சுபோச்சு. அதே மனுஷனுக்கு நீ கல்யாணப் பத்திரிகை வைக்கறே. ஐயோ அன்னிக்குப் பார்த்து ஊர்ல இல்லையேன்னு நல்லபடியா சொல்றார். அது டிக்லைன். வரப்போறதில்லைங்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா இதுல உன் மனசு நோகாது."

"ரிஜெக்ட், மேடம்?"

"தக்காளிக் கூடையில கை விட்டுப் பொறுக்கறோமே. எடுத்து, திருப்பிப் பார்த்து, இது ஆகாதுன்னு தள்ளறோம். அது ரிஜெக்ட். முதல்ல பார்க்கணும், அப்புறம் தள்ளணும். லோன் அப்ளிகேஷனும் அப்படித்தான்."

தனசிங் பெருமூச்சு விட்டான். "என்னை ரெண்டு பேர் மேடம். ஒருத்தி ரிஜெக்ட் பண்ணா. ஒருத்தி டிக்லைன் பண்ணா. ரெண்டாவது நல்ல பொண்ணு."

வகுப்பே சிரித்தது. வேதாவும் சிரித்துவிட்டு, "இவனுக்குப் புரிஞ்சுடுத்து" என்றாள்.

முன்வரிசையில் ஜான்சி கையைத் தூக்கினாள். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். அயர்லாந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கணினியில் முகம் பார்த்து நேர்காணல் வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பாடுபடுகிறாள்.

"டினை-ன்னா பொய் சொல்றதா மேடம்? எங்க கேஸ் ஷீட்ல 'டினைஸ் பெயின்'னு எழுதுவோமே. பேஷன்ட் பொய் சொல்றாருன்னா எழுதறோம்?"

"நல்ல கேள்வி. டினை-ன்னா 'மாட்டேன்' இல்லை, 'அப்படி இல்லை'. நான் எடுக்கலை, நான் சொல்லலை, எனக்கு வலிக்கலை. அது நிஜமா பொய்யாங்கறது தனி. நீ வலிக்கறதான்னு கேட்டே, அவர் இல்லைன்னார். அதை மட்டும் எழுதறே."

"அப்போ கேக்காம எழுதக் கூடாது."

"கேக்காம எழுதினா அது உன் கற்பனை. சரி, எழுந்திரு. நான் அயர்லாந்து மேட்ரன். ஞாயித்துக்கிழமை கூடுதலா ஒரு டியூட்டி பார்க்கச் சொல்றேன். உனக்கு முடியாது. சொல்லு."

ஜான்சி எழுந்து, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, மிக அழகாகப் புன்னகைத்தாள். "ஐ வில் ஸீ, மேடம்."

"போச்சு" என்றாள் வேதா. "நீ 'பார்க்கலாம்'ங்கறதை அப்படியே தூக்கி வெச்சுட்டே. அந்தம்மா அதை எப்படி எடுத்துப்பா? சரின்னுட்டாள்னு அட்டவணைல உன் பேரை எழுதிடுவா. ஞாயித்துக்கிழமை நீ வரலைன்னா உன்னைத்தான் திட்டுவா. தப்பு யார் மேல?"

அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் வாசலில் ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது.

ஜன்னல் வழியே எல்லாத் தலைகளும் திரும்பின. லாரியிலிருந்து நாலைந்து ஆட்கள் குதித்தார்கள். இரும்பு முக்காலி இறங்கியது. நீள நீளமாகக் குழாய்கள் இறங்கின. ஒருவன் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்து, மாமரத்தடியில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டான்.

பின்னாலேயே ஆபேலின் கார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய இனிப்புப் பெட்டி.

"இன்னா மேடம், கிளாஸ் நடக்குதா? நடக்கட்டும் நடக்கட்டும். சத்தம் கொஞ்சம் வரும். மண்ணு எப்டி கீதுன்னு ஓட்டை போட்டுப் பார்த்துடுவோம். நாலு மாடிக்குத் தாங்குமா, பூமிக்குள்ள பைல் தூண் எறக்கணுமான்னு தெரிஞ்சுடும்."

"யார் சார் போடச் சொன்னா?"

ஆபேல் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "சார்தான் மேடம். காலைல போன்ல கேட்டேனே. வாங்க பார்க்கலாம்னாரு. ஒரு தபாவா, ஒவ்வொரு தபாவும் அத்தத்தானே சொன்னாரு. ஆளுங்க கூலி, லாரி வாடகை எல்லாம் நான் போட்டுகினு வந்திருக்கேன். உங்களாண்ட ஒரு பைசா கேக்கல."

சொன்னதில் ஒரு பொய் இல்லை. அதுதான் வேதாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஏமாற்றுக்காரனாக இருந்தால் கத்தித் துரத்தலாம். யோக்கியனை எப்படித் துரத்துவது?

ஸ்ரீரங்கன் நிலைமையைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சமாளித்தார். உள்ளே போய் ஆபேலுக்குக் காபி கொண்டுவந்தார். முக்காலிக்காரர்களுக்கும் சேர்த்து.

காபியைப் பார்த்ததும் ஆட்களுக்கு உற்சாகம் வந்து, முக்காலியை வட்டத்தின்மேல் தூக்கி நிறுத்தினார்கள்.

பத்ரியும் அவன் மனைவி சின்மயியும் அப்போதுதான் வந்து இறங்கினார்கள். பத்ரி லாரியைப் பார்த்தான், முக்காலியைப் பார்த்தான், அண்ணன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். வேதா இரண்டு முதுகுகளையும் பார்த்தாள். இனி இவர்கள் வாயைத் திறக்கப்போவதில்லை. சரி, நாம்தான்.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள்.

"சார், எங்களுக்கு இப்போ சௌகரியப்படாது போலிருக்கு."

"இப்ப இன்னா அவசரம் மேடம்? தை பொறந்ததும் பூஜை போடுவோம். அதுவரைக்கும் இங்கயே இருங்க."

"கிளாஸ் நடக்கறதே. பசங்க எங்க போவா?"

"அத்தக் கேக்கத்தான் நெனச்சேன். கீழ் தளத்துல உங்களுக்குன்னு ஒரு ஹால் தனியா உட்டுடறேன். ஏசி என் கணக்கு."

ஸ்ரீரங்கனின் புருவம் உயர்ந்தது.

"அதில்லை சார். இது மாமனார் கட்டின வீடு. அவர் ஞாபகமா..."

"பில்டிங்குக்கே அவர் பேர வெச்சுடுவோம் மேடம். கிரானைட்ல. வாசல்ல. தங்க எழுத்து."

"கார் நிறுத்த இடம் போறாது..."

"ஆளுக்கு ரெண்டு."

அவள் ஒரு அடி பின்னால் வைத்தால் ஆபேல் ஒரு படி மேலே ஏறினார். அவர் வளர்ந்த இடத்தில் 'சௌகரியப்படாது' என்பது விலையைக் கொஞ்சம் இறக்கு என்பதற்கான சைகை. நாசூக்காக மறுக்க மறுக்க அவள் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசுகிறவளாகிக்கொண்டிருந்தாள். பின்னால் ஸ்ரீரங்கன் தம்பியிடம் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது.

"டேய், உன் மன்னி பேரம் பேசறாடா! பேஷ்!"

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் நின்று வேடிக்கை பார்த்தது. முக்காலியில் முதல் குழாயை மாட்டிவிட்டார்கள். ஒருவன் சம்மட்டியைத் தூக்கினான்.

"நிறுத்துங்கோ!"

சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

"ஆபேல் சார். எங்களுக்கு வேண்டாம். தையிலயும் வேண்டாம், அடுத்த தையிலயும் வேண்டாம். ஏசி வேண்டாம், கிரானைட் வேண்டாம். இந்த வீட்டை நாங்க இடிக்கறதா இல்லை. எவ்வளவு குடுத்தாலும் இல்லை."

தெருவில் கீரைக்காரிகூடத் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டாள். அந்தக் காம்பவுண்டுக்குள் அந்தச் சொல்லை அத்தனை சத்தமாக யாரும் சொன்னதில்லை.

ஆபேல் காபி டம்ளரைச் சுவரோரமாக வைத்தார். கோபப்படவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். பட்டா அண்ணன் தம்பி பேர்ல கீது. அவங்க வாயால ஒரு வார்த்த வந்துட்டா நான் போயிகினே இருப்பேன்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"வேதா சொன்னா சரிதான்" என்றார் ஸ்ரீரங்கன், தன் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

"நீங்க, தம்பி சார்?"

பத்ரி தரையில் கிடந்த குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்மயி அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் கையை விலக்கிக்கொண்டான்.

"அண்ணா சொன்னா சரி."

"இத்த மொத நாளே சொல்லியிருந்தா உங்களுக்கும் காபிப்பொடி மிச்சம், எனக்கும் லாரி வாடகை மிச்சம்" என்றார் ஆபேல். ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். முக்காலி மடங்கியது. வேதா இனிப்புப் பெட்டியைத் திருப்பி நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"வச்சுக்கோங்க மேடம். அது உங்க வூட்டுக்கு வாங்குனது. வியாபாரத்துக்கு வாங்கல." காரில் ஏறப்போனவர் திரும்பினார். "நம்ம பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கப்போவுது. உங்க கிளாஸ்ல சேத்து உடறேன். நல்லா கத்துக் குடுக்கறீங்க."

வகுப்பை அத்தோடு முடித்து அனுப்பினாள் வேதா. தனசிங் போகும்போது, "மேடம், அது ரெஃப்யூஸ்தானே?" என்று கேட்டான். "போடா" என்றாள். அவளுக்கு உள்ளே ஏதோ பெரிய மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

ஸ்ரீரங்கனுக்குச் சொல்லவே வேண்டாம். ஹாலில் மாணவர்கள் உட்காருகிற நாற்காலி ஒன்றில் சாய்ந்து, எழுதுபலகைமேல் இனிப்புப் பெட்டியை வைத்துத் திறந்தார். "நல்லவேளை வேதா. எனக்குப் பத்து நாளாத் தூக்கமே இல்லை. பத்ரி சொல்லுவான் சொல்லுவான்னு பார்த்தேன். இந்தா பத்ரி, எடுத்துக்கோ. உனக்கும் இப்பத்தான் உயிர் வந்திருக்கும்."

பத்ரி எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு இஷ்டம் இல்லைன்னு யார் சொன்னா அண்ணா?"

ஸ்ரீரங்கனின் கையில் மைசூர்பாகு பாதியில் நின்றது.

"நீயும் பார்க்கலாம்னுதானேடா சொன்னே?"

"நீ சொன்னே, அதனால நானும் சொன்னேன். நீ ஒவ்வொரு தரமும் அவரை உக்கார வெச்சுக் காபி குடுத்தே. அளக்க விட்டே. இன்னிக்கு மண்ணைப் பார்க்கவும் வரச் சொன்னே. அண்ணா ஒத்துண்டுட்டான்னு நெனச்சேன். நான் வாய் விட்டுக் கேக்காமயே நடந்துடப்போறதுன்னு..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"எதுக்குடா உனக்கு? உங்களுக்குத்தான் மேடவாக்கத்துல அவ்வளவு பெரிய ஃப்ளாட் இருக்கே?"

பதில் சின்மயியிடமிருந்து வந்தது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"இல்லை அண்ணா. வித்தாச்சு. ஆடியிலயே இவருக்கு வேலை போயிடுத்து. அவா கம்பெனில ஒரு பிரிவையே மூடிட்டா. ரெண்டு மாசம் வேற வேலை தேடிப் பார்த்தார், கிடைக்கலை. ஃப்ளாட்டுக்குத் தவணை கட்ட முடியலை. வாங்கினவா இந்த மாசக் கடைசில குடி வராளாம். பில்டர் கட்டி முடிக்கற வரைக்கும் வாடகை குடுப்பார், அப்புறம் சொந்தமா வீடு வந்துடும்னு இவர்தான் தைரியம் சொல்லிண்டிருந்தார்."

"ஆடியிலயா?" என்றாள் வேதா. "இப்போ ஐப்பசி. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பத்ரி?"

"நீங்க கேக்கலையே மன்னி."

குற்றம் சாட்டுகிற தொனியில் இல்லை அது. கணக்குப் பார்த்துச் சொல்கிற தொனி. வேதாவுக்குக் காலையில் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. 'உனக்கு என்னடா வேணும்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். அவள் கேட்கவில்லை. தனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டாள். தண்ணீர் லாரிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கம்மியிருந்ததைக்கூடச் சத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டாள்.

அவள் அவன் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. இப்போ கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

பத்ரி சுவரைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். நாற்பத்தொன்பது வயசு வரைக்கும் அந்த வீட்டில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவனும் யாருக்கும் சொன்னதில்லை.

"இந்த ஹால் வேணும் மன்னி."

வாசலில் லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"முன்பக்கம் எனக்குன்னுதானே அன்னிக்குப் பேசினது. நடுவுல ஒரு தடுப்பு போட்டா நானும் சின்மயியும் இருந்துக்கலாம். பின்னால பாத்ரூம் இருக்கு. வேலை கிடைக்கற வரைக்கும். எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது. உங்க கிளாஸ்... அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. ஆனா நீங்க கேட்டேள். அதனால சொல்றேன்."

வேதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு பக்கம், வேலை போனதை வெளியே சொல்ல முடியாமல் மாசக்கணக்கில் மென்று விழுங்கியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். இன்னொரு பக்கம், அயர்லாந்துக்காரர்களை நம்பிக்கொண்டு ஒரு ஜான்சி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருகிற இன்னும் எத்தனையோ பேர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தெருவே கேட்கப் பேசிய வாய்க்கு இப்போது ஒரு சொல் கிடைக்கவில்லை.

அவளுக்கு முந்திக்கொண்டு இன்னொரு குரல் வந்தது.

"முடியாது."

மூன்று பேரும் திரும்பினார்கள். ஸ்ரீரங்கன் எழுந்து நின்றிருந்தார். பாதி மைசூர்பாகு இன்னும் கையில் இருந்தது.

"ஹாலைத் தர முடியாது பத்ரி. பின்னால எங்க ரூமை எடுத்துக்கோ. நாங்க சமையலறையில படுத்துக்கறோம். ஹால் வேதாவோடது. அது மேல நீ கை வைக்க நான் விட மாட்டேன்."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோன மாதிரி இருந்தது. ஐம்பத்தேழு வயசில் முதல் தரம் சொன்னார். சொல்லியும் யாரிடம்? ஆபேலிடம் அல்ல, மேலதிகாரியிடம் அல்ல. ஆடியிலிருந்து வேலை இல்லாத சொந்தத் தம்பியிடம். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க வேதா ஆசைப்பட்டிருக்கிறாள். கேட்டதும் சந்தோஷமாக இல்லை.

சின்மயி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கோ, போகலாம்."

பத்ரி எழவில்லை. அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று வேதாவால் பிரிக்க முடியவில்லை. கிட்டத்தட்ட நிம்மதி மாதிரிகூட இருந்தது.

"அப்போ நம்மாத்துல இப்படியெல்லாம் சொல்லலாம்னு ஆயிடுத்தா அண்ணா?"

"ஆயிடுத்து."

"சரி. அப்போ நானும் சொல்றேன். நான் இங்கேருந்து போக மாட்டேன்."

அவன் முன்வரிசையில், ஜான்சி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நகர்ந்தான். எழுதுபலகையை மடியின் குறுக்கே இழுத்துவிட்டுக்கொண்டு அதன்மேல் இரண்டு கைகளையும் கட்டினான்.

"சின்மயி, நீ போய் மாத்துத்துணி கொண்டுவா. அண்ணா என்னைத் தூக்கிண்டு போய் வெளியில வெக்கட்டும். வெச்சா போறேன்."

"டேய்" என்றார் ஸ்ரீரங்கன். முதல் மறுப்புக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம். அடுத்த பேட்ச் வந்துவிட்டது. ஜீவிதா முதலில் தலையை நீட்டினாள். ஏர்போர்ட் பாதுகாப்புப் பணிக்குப் பரீட்சை எழுதப்போகிறவள். எதையும் உரக்கத்தான் கேட்பாள். நின்றுகொண்டிருந்த ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். கைப்பையோடு கதவருகே நின்ற சின்மயியைப் பார்த்தாள். முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த பெரிய மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேடம், அது என் சீட். சார் இன்னா, புது அட்மிஷனா?"

பத்ரி திரும்பி வேதாவைப் பார்த்தான். ஸ்ரீரங்கனும் பார்த்தார். சின்மயியும் பார்த்தாள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா, மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.